ஒக்டோபரில் கொழும்புப் பிள்ளைகளோடு விளையாட

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் வீட்டில் விளையாட்டுக்கு ஒரு நேரசூசி வந்துவிடும். காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை வெளியே. மத்தியானம் வானம் கறுக்கத் தொடங்கினால் உள்ளே. இரண்டு, மூன்று மணிக்கு இடி, பிறகு அடித்து ஊற்றும் மழை, ஆறு மணிக்கு ஈரக் காற்றும் வெளுத்த வானமும். எல்லா நாளும் அப்படி இல்லை, ஆனால் முக்கால்வாசி நாள் அப்படித்தான். ஒக்டோபரையும் நவம்பரையும் வளிமண்டலவியல் திணைக்களம் இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம் என்று சொல்லும். தென்மேல் காற்று ஓய்ந்து, வடகீழ் காற்று இன்னும் வராத இடைவெளி. வெயில் ஏற ஏற முகில் திரண்டு, பின்னேரம் இடியோடு கொட்டிவிடும்.

இந்த நேரசூசி எனக்குப் பிடிபட்டது மூன்று வருடங்களுக்கு முன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய பிள்ளைகள் சிவப்பும் மஞ்சளுமான இலைக் குவியலுக்குள் பாய்ந்து விளையாடுகிறார்கள். அதைப் பார்த்த என் மகள் கேட்டாள்: "அம்மா, எங்கட ஊரில ஏன் இப்படி ஒரு காலம் இல்லை?" அப்போது அவளுக்கு ஆறு வயது, தம்பிக்கு இரண்டு. மழை என்று சொல்லிப் பின்னேரம் முழுக்க இருவரும் டேப்லெட்டோடு கிடந்த நாட்கள் அவை. அவள் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

பதிலின் முதல் பாதி எளிது. இலையுதிர் காலம் வருவது பகல் குறைவதால். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். கொழும்பில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது. அதனால் எங்கள் மரங்களுக்கு எல்லாரும் சேர்ந்து இலை உதிர்க்க ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. மற்றப் பாதியைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்த்தான் காட்ட வேண்டும்.

கொட்டங்காய் மரத்தடி

கொழும்பில் சிவந்த இலை வேண்டுமென்றால் கொட்டங்காய் மரத்தைத் தேடுங்கள். சிங்களத்தில் கொட்டம்பா. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில், பாடசாலை வளவுகளில், கடற்கரையோரத்தில், குடை விரித்ததுபோல் அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்கும். ஒரு மரம் பச்சையாக நிற்கும்போது அடுத்த தெருவில் இன்னொன்று சிவந்து நிற்கும். உங்கள் சுற்றுவட்டாரத்து மரங்களைப் பிள்ளைகளோடு நடந்து போய் ஒருமுறை எண்ணிவையுங்கள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஏழு மரங்கள் இருக்கின்றன. எது சிவக்கத் தொடங்கியிருக்கிறது என்று பார்ப்பது மகளின் பொறுப்பு.

காலையில் ஒரு துணிப்பையோடு போங்கள். விழுந்த இலைகளை மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள், ஆளுக்குப் பத்து. வீட்டுக்கு வந்ததும் நிலத்தில் அவற்றை வரிசையாக அடுக்க வேண்டும்: பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கடைசியில் மண்ணிறம். பக்கத்துப் பக்கத்து இலைகளுக்கிடையே நிறம் துள்ளாமல் யாருடைய வரிசை போகிறதோ அவருக்கு வெற்றி. ஐந்து வயதுப் பிள்ளையும் பெரியவர்களுக்குச் சமமாக விளையாடக்கூடிய விளையாட்டு இது. பல தடவை எங்கள் சின்னவன்தான் வெல்வான், அவனுடைய கண் அவ்வளவு கூர்மை.

இன்னொன்று, "என்ர இலை". ஒவ்வொருவரும் ஒரு இலையை எடுத்து ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். நரம்பு, ஓட்டை, பூச்சி கடித்த இடம், காம்பின் வளைவு எல்லாம் மனதில் பதிய வேண்டும். பிறகு எல்லா இலைகளையும் கலந்து பரப்பிவிட்டு, கண்ணை மூடித் திறந்து, தன் இலையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நிறத்தில் இருக்கும் இலைகளை எடுத்தால் கடினம். முதலில் ஐந்து இலையோடு தொடங்கி இருபதுக்குப் போங்கள்.

உலர்ந்து மண்ணிறமான இலைகளை எறியாதீர்கள். எட்டுப் பத்து இலைகளைக் கழுவி, துண்டாக்கி, பழைய சட்டியில் மூழ்கத் தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் கொதிக்கவையுங்கள். தேயிலைச் சாயம்போல் கடும் மண்ணிறத் தண்ணீர் வரும். (சண்டை மீன் வளர்ப்பவர்கள் இந்த இலையைத் தொட்டிக்குள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சாயம்தான்.) ஆறியதும் வெள்ளைக் கடதாசியை ஒரு தட்டில் வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, எடுத்து உலர்த்தினால் நூறு வருடப் பழைய கடதாசிபோல் இருக்கும். அதில் பிள்ளைகள் புதையல் வரைபடம் வரைவார்கள். மழை நாளில் அந்த வரைபடத்தை வைத்து வீட்டுக்குள் ஒரு பொருளை ஒளித்துத் தேடவைத்தால் ஒரு பின்னேரம் போய்விடும். பழைய உடுப்பு போட்டுவிடுங்கள், கறை போகாது.

காய்ந்த கொட்டங்காயும் கிடைத்தால் கொண்டுவாருங்கள். காயைப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பில் ஒரு கல்லால் சரியாக அடித்தால் பிளக்கும். உள்ளே வெள்ளையாக, சுண்டுவிரல் அளவில் ஒரு பருப்பு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுங்கள். பத்துக் காய் உடைத்தால் ஒரு கைப்பிடி பருப்புக்கூட வராது. ஆனால் தானே உடைத்து எடுத்த பருப்பைப் பிள்ளை எவ்வளவு கவனமாகச் சப்பிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள்.

இலைகள் இல்லாத கிழமையில் பூவரசு இலை இருக்கிறது. சுருட்டி, ஒரு நுனியை நசுக்கி, பீப்பி ஊதலாம். என் அம்மாவுக்கு அது முதல் தடவையே சத்தம் போடும். எனக்கு நாலாவது தடவை.

ஆறுமணிக் குருவி

மகளின் கேள்விக்கு மற்றப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. வடக்கே குளிர் தொடங்கும்போது அங்குள்ள பறவைகளில் ஒரு பங்கு எங்களிடம் வந்துவிடுகிறது. ஒக்டோபரில் தந்திக் கம்பிகளைப் பாருங்கள். பிளந்த வாலோடு தகைவிலான்கள், பச்சையும் நீலமுமாகப் பஞ்சுருட்டான்கள். ஏப்ரல் வரை இருந்துவிட்டுப் போவார்கள். ஊருக்கு வந்திருக்கும் விருந்தாளிகள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அவர்களில் எனக்கு மிகவும் பிரியமானது ஆறுமணிக் குருவி. சிங்களத்தில் அவிச்சியா. மைனாவைவிடச் சிறியது, கட்டை வால், முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துசேரும். காலை ஆறு மணிபோலவும் பின்னேரம் ஆறு மணிபோலவும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். மற்ற நேரமெல்லாம் நிலத்தில் தத்தித் தத்தி, விழுந்த இலைகளைப் புரட்டிப் பூச்சி தேடும். கொழும்பில் மரமும் சருகும் உள்ள வீட்டு வளவுகளுக்குக்கூட வரும்.

விளையாட்டு இதுதான். ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் ஜன்னலடியில் எல்லாரும் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். புதுச் சத்தம் ஒன்று கேட்டால் விரலை உயர்த்த வேண்டும். காகம், குயில், அணில், பால்காரரின் சைக்கிள் மணி எல்லாவற்றையும் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். முதன்முதலில் ஆறுமணிக் குருவியைக் கேட்டவரின் பெயரும் திகதியும் கலண்டரில் எழுதப்படும். எங்கள் வீட்டில் போன வருடம் அது அம்மாவின் பெயர். எழுபத்து மூன்று வயதில் பேரப்பிள்ளைகளை முந்திவிட்டார்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. உலகத்தில் முதலில் அந்த அங்கீகாரம் பெற்ற பதினெட்டு நகரங்களில் எங்களதும் ஒன்று. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கிறது, நுழைவுச் சீட்டு எடுத்துப் போகலாம், மரப்பாலத்தில் நடந்துகொண்டே பறவை பார்க்கலாம். காலையில் வெள்ளனப் போங்கள். நகரத்துக்குள்ளேயே என்றால் விகாரமகாதேவி பூங்காவின் பெரிய மரங்களடி. வளவு உள்ள வீடு என்றால் ஒரு வேண்டுகோள்: ஒரு மூலையிலாவது சருகைக் கூட்டாமல் விட்டுவையுங்கள். அந்தக் குருவிக்குச் சாப்பாட்டுத் தட்டு அதுதான்.

திடலில் ஒரு காலை

பட்டம் விடுவதை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். காலிமுகத்திடலில் பட்டத்துக்கு ஏற்ற காற்று ஜூலை, ஓகஸ்டில்தான். ஒக்டோபர் காலையில் அங்கே காற்று அடங்கி, புல் ஈரமாக இருக்கும். ஓடுவதற்கு அருமையான நேரம். அந்த நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்தபோது நட்ட கல்லில், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காகத் தனக்குப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாக எழுதியிருக்கிறது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டியிருக்கிறேன். இது உங்களுக்காக விடப்பட்ட இடம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் கிளித்தட்டு மறிக்கலாம். நீளமாக ஒரு நடுக்கோடு, அதைக் குறுக்கே வெட்டி மூன்று நான்கு கோடுகள். புல்லில் கோடு கீற முடியாது, கயிறு விரிக்கலாம் அல்லது செருப்புகளை வரிசையாக வைக்கலாம். குறுக்குக் கோட்டில் நிற்பவர் அந்தக் கோட்டில் மட்டும் ஓடி மறிக்கலாம். மறிப்பவர்களில் ஒருவர் கிளி, அவர் நடுக்கோட்டிலும் ஓடலாம். மற்றக் கட்சி தொடுபடாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை: அவர்களை இரண்டு தரம் தொட்டால்தான் ஆட்டமிழப்பு.

திடலுக்குப் போக முடியாத நாளில் தொடர்மாடியின் கீழே, வாகனம் வராத மூலையில், நொண்டியடித்து விளையாட வெண்கட்டியால் எட்டுக்கோடு கீறிக் கொடுங்கள். பின்னேர மழை அதைக் கழுவிவிடும். யாரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள்.

இடி கேட்டால்

இடைப்பருவ மாதங்களில் மின்னல் அதிகம். ஆகவே இந்த விளையாட்டு எல்லாவற்றுக்கும் முன் பழக்க வேண்டியது. மின்னல் தெரிந்ததும் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணத் தொடங்க வேண்டும். இடி கேட்டதும் நிறுத்தி, எண்ணியதை மூன்றால் பிரித்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் என்று தெரியும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும் என்பதால் இந்தக் கணக்கு. ஆறு எண்ணினால் இரண்டு கிலோமீற்றர். வெள்ளவத்தையில் இருக்கும் எங்களுக்கு அது ஏறத்தாழ தெகிவளை தூரம். பன்னிரண்டு எண்ணினால் கொள்ளுப்பிட்டி தூரம். எந்தத் திசையில் என்பதை வானம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மகன் வகுத்தல் கணக்கின் பெயரே தெரியாமல் மூன்றால் பிரிக்கப் பழகியது இதில்தான்.

முப்பதுக்குள் இடி கேட்டால் திடல், கடற்கரை, மொட்டைமாடி எதிலும் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும் வரை வெளியே போகக் கூடாது. மரத்துக்குக் கீழே ஒதுங்கவே கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பயமுறுத்த வேண்டாம். எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இடியில் பயம் வருவதில்லை. சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் ஏறிய என் மகன், இப்போது இடிக்காகக் காத்திருக்கிறான்.

மழை தொடங்கியதும் பார்க்க ஒரு மழைமானி வேண்டும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து, மேற்பகுதியில் சுவர் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல் துண்டைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே வைத்து, விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். அடியில் மேடுபள்ளம் இருப்பதால் சிறு கற்களைப் போட்டு, அவை மூழ்கும் வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். அதிலிருந்து அடிமட்டம் ஒன்றை ஒட்டினால் வேலை முடிந்தது. மொட்டைமாடியில், சுவரோ மரமோ மறைக்காத இடத்தில், காற்றுக்கு விழாமல் இரண்டு செங்கல்லுக்கிடையே வையுங்கள். காலை 8.30க்கு வாசியுங்கள், வளிமண்டலவியல் திணைக்களமும் ஒரு நாளின் மழைக் கணக்கை அந்த நேரத்தில்தான் முடிக்கிறது. பாடசாலை நாளில் அம்மா போய்ப் பார்த்து, சுவரில் தொங்கும் தாளில் எழுதிவைப்பார். வாசித்ததும் பூச்சியக் கோடு வரை ஊற்றிவிட வேண்டும்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். இதை வாயால் சொன்னால் ஏறாது. நிலத்தில் ஒரு மீற்றர் சதுரம் கீறி, ஒரு லீற்றர் போத்தலைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு செய்தியில் 100 மில்லிமீற்றருக்கும் அதிக மழை என்று சொன்னபோது மகள் எழுந்து போய் அந்தச் சதுரத்தில் நின்று, நூறு போத்தல் எவ்வளவு உயரம் வரும் என்று கையால் காட்டினாள்.

கடதாசிக் கப்பல் விடுவது பற்றி ஒன்று மட்டும். தெருவில் ஓடும் வெள்ளத்தில் விட அனுமதிக்காதீர்கள். கொழும்பு வடிகான் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மூடியில்லாத கானும் தெரியாது. குளியலறையில் ஒரு பெரிய பேசினில் மழைத் தண்ணீர் பிடித்து விடுங்கள். கப்பலின் வெளிப்பக்கம் மெழுகுதிரியால் நன்றாகத் தேய்த்தால் நனைந்து தாழ நெடுநேரம் எடுக்கும். யாருடைய கப்பல் அதிக ஒரு ரூபா நாணயம் தாங்குகிறது என்று போட்டி வையுங்கள்.

கதவு சாத்திய பின்னேரங்கள்

இதற்கு ஒரு பழைய பிஸ்கட் ரின் போதும். எங்கள் ரின்னுக்குள் கடற்கரையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்கள், ஒரு பை புளியங்கொட்டை, வெண்கட்டி, நூல் உருண்டை. மின்சாரம் போனால் உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கும்.

கொக்கான் கற்றுத்தர எனக்குத் தெரியாது, அம்மாதான் கற்றுத்தந்தார். ஐந்து கற்களை நிலத்தில் விசிற வேண்டும். ஒரு கல்லை எடுத்து மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் நிலத்திலிருந்து ஒரு கல்லை அள்ளி, அதே கையால் விழும் கல்லையும் பிடிக்க வேண்டும். நான்கையும் அப்படி ஒவ்வொன்றாக எடுத்தால் முதல் படி. இரண்டாவதில் இரண்டு இரண்டாக, மூன்றாவதில் மூன்றும் ஒன்றும், நான்காவதில் நான்கையும் ஒரே அள்ளாக. அள்ளும்போது பக்கத்துக் கல் ஆடினால் ஆட்டம் அடுத்தவருக்கு. எல்லாம் முடிந்தால் ஐந்தையும் எறிந்து புறங்கையில் ஏந்த வேண்டும். நின்ற கல்லின் எண்ணிக்கைதான் புள்ளி. கல் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக இருக்கட்டும். கீழ்வீட்டில் சத்தம் கேட்காமல் இருக்கப் பாயை விரித்து விளையாடுங்கள். மகள் இரண்டாம் படி தாண்ட மூன்று கிழமை எடுத்தாள். "கல்லைப் பார்க்காத பிள்ளை, கையைப் பார்க்காத, மேல பார்" என்று அம்மா சொன்னது அவளுக்குப் பிடிபட்ட நாளில் இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தது குசினிக்குக் கேட்டது.

ஐந்து வயதுக்காரருக்குப் புளியங்கொட்டை. ஒரு கைப்பிடியைக் குவித்து, ஒரே ஊதலில் ஊத வேண்டும். தனியாகப் பிரிந்து போன கொட்டைகளை, வேறெதுவும் அசையாமல் விரலால் எடுத்துக்கொள்ளலாம். அசைந்தால் அடுத்தவர் ஊதுவார். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அது தூங்கிய பிறகு மட்டும்; தொண்டையில் சிக்கும் அளவு கொட்டை அது.

அதே கொட்டைகளை வைத்துப் பல்லாங்குழி ஆடலாம். பலகை வேண்டியதில்லை. முப்பது முட்டை வைக்கும் மட்டையில் ஆறு குழி நீளத்துக்கு இரண்டு வரிசை வெட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வரிசை, குழிக்கு ஐந்து கொட்டை. தன் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாக வலப்பக்கமாகப் போட்டு, மற்றவர் பக்கத்தால் சுற்றிப் போக வேண்டும். கையில் முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளதெல்லாம் உங்களுக்கு. அதோடு ஆட்டம் மற்றவருக்குப் போகும். அதுவும் வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு கொட்டை சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். முதல் நாள் பசுவை விட்டுவிட்டு விளையாடுங்கள், பிறகு சேருங்கள். சிலர் அழகுக்காகக் குன்றிமணி வைத்து ஆடுவார்கள். பிள்ளைகளோடு வேண்டாம், அதை மென்றால் நஞ்சு.

ஞாயிறு சிரட்டை வேட்டை

இரண்டு வருடங்களுக்கு முன் நவம்பரில் மகனுக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள் வார்ட்டில் கிடந்தான். ஒவ்வொரு முறை இரத்தம் எடுக்கும்போதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் பார்த்தபோது எங்கள் பல்கனியிலேயே, பூச்சாடிக்குக் கீழிருந்த தட்டில், நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து இந்த விளையாட்டு ஒரு கிழமையும் தவறியதில்லை.

ஞாயிறு காலை, பத்து நிமிடம். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய் தண்ணீர் தேங்கிய இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: சாடித் தட்டு, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு, சிரட்டை, யோகட் கோப்பை, மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மூடி, கூரைப் பீலி. கண்டுபிடித்தால் ஒரு புள்ளி. நெளிகிற குடம்பி இருந்தால் ஐந்து. தொடுவதும் ஊற்றுவதும் பெரியவர் வேலை. ஊற்றினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுப்பதால்தான் கிழமைக்கு ஒருமுறை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மாடியில் இப்போது ஆறு பேர் வேட்டைக்கு வருகிறார்கள்.

ஒன்பது சிரட்டை, பிறகு சிட்டி விளக்கு

கவிழ்த்த சிரட்டைகளில் ஒன்பதை நவராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கண் உள்ள பக்கத்துச் சிரட்டைகளாகப் பார்த்து. மெல்லிய கண்ணைக் குத்தித் துளைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். மண் நிரப்பி, நவதானியத்தை முதல் நாள் இரவு ஊறவைத்து, சிரட்டைக்கு ஒன்றாக நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, மொச்சை, எள்ளு, உழுந்து, கொள்ளு என்று கும்பம் வைக்கும் அன்று விதைக்க வேண்டும். ஒன்பது நாளும் காலையில் தெளித்து, அளந்து எழுத வேண்டும். முந்துவது எது என்று முதலே ஆளுக்கொன்று தெரிவுசெய்து வையுங்கள். பயறு பெரும்பாலும் முதலில் தலைகாட்டும், நெல் பொறுமையாக வரும். முதல் வருடம் நாங்கள் குசினியில் இருந்த உடைத்த துவரம்பருப்பையும் உளுத்தம்பருப்பையும் போட்டுவிட்டோம், அவை அழுகிப்போயின. தோலோடு முழுதாக இருக்கும் தானியமே முளைக்கும். நெல்லும் அவித்ததாக இருக்கக் கூடாது. விஜயதசமி அன்று சின்னவனுக்கு ஏடு தொடக்கியபோது, அவன் அரிசியில் அ எழுதிய தட்டைச் சுற்றி அந்த ஒன்பது சிரட்டைகளும் பச்சையாக நின்றன.

நவம்பரிலோ டிசம்பரிலோ கார்த்திகை விளக்கீடு வரும். யாழ்ப்பாணத்தில் வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கேற்றிய அம்மாவுக்கு, மூன்றாம் மாடியில் ஒரு வாசற்படியும் ஒரு பல்கனி விளிம்பும்தான். அதுவே போதும் என்கிறார். திரி திரிப்பது பிள்ளைகளின் வேலை. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, தொடையில் வைத்து உருட்டினால் வரும், நீளம் ஒரு விரல். புதுச் சிட்டிகளைக் காலையிலேயே தண்ணீரில் போட்டு, பின்னேரம் எடுத்துத் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள். மண் தண்ணீரைக் குடித்துவிட்டதால் எண்ணெயைக் குறைவாக உறிஞ்சும். ஏற்றுவது பெரியவரோடு, தலைமுடியைப் பின்னிக் கட்டி, பருத்தி உடுப்போடு. ஏற்றிய பிறகு வீட்டு மின்விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, எந்தச் சிட்டி கடைசியாக அணைகிறது என்று பந்தயம். கடல் காற்று அடிக்கும் பக்கத்தை எங்கள் மகன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தானே நின்று கையால் மறைத்துப் பிடிப்பான்.

மறுநாள் காலை சிட்டிகளைச் சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, கவிழ்த்து வைத்துவிடுங்கள். அவற்றிலும் தண்ணீர் தேங்கும்.